சேறு, சைக்கிள், அப்புறம் அந்த 20 விநாடி

போன மாசம் ஒரு போட்டோ போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கா? தலையில இருந்து கால் வரைக்கும் சேறு, தோள்ல சைக்கிள், முகத்துல சிரிப்பா அழுகையான்னு தெரியாத ஒரு எக்ஸ்பிரஷன். "என்னய்யா இது, எருமை குளிப்பாட்டப் போனியா?"ன்னு நாலு பேர் கேட்டிருந்தீங்க. பதில் கொஞ்சம் பெருசா வந்துடுச்சு, அதான் தனிப் பதிவு. சைக்கிள் பிடிக்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

அதுக்குப் பேரு சைக்ளோகிராஸ். ஒரு பார்க்கோ பண்ணை நிலமோ பிடிச்சு, கம்பு நட்டு ரிப்பன் கட்டி, ரெண்டரையில இருந்து மூணரை கிலோமீட்டருக்கு வளைஞ்சு நெளிஞ்சு ஒரு பாதை போடுவாங்க. புல்லு, சேறு, மரத்து வேரு, கொஞ்சூண்டு தார் ரோடு, திடீர்னு ஒரு செங்குத்து மேடு, குறுக்கால முழங்கால் உயரத்துக்குப் பலகைங்க. வண்டி பாக்கறதுக்கு ரோடு ரேஸ் சைக்கிள் மாதிரியே ஹேண்டில்பார் வளைஞ்சு இருக்கும், ஆனா டயர்ல பட்டன் பட்டனா இருக்கும். ஓட்ட முடிஞ்ச எடத்துல ஓட்டணும். முடியாத எடத்துல இறங்கி, வண்டியைத் தோள்ல தூக்கிட்டு ஓடணும். பெரியவங்க ரேஸ் சுமார் ஒரு மணி நேரம். சீசன் செப்டம்பர்ல ஆரம்பிச்சு ஜனவரி, பிப்ரவரி வரைக்கும். அதாவது ஐரோப்பாவுல எப்பல்லாம் மனுஷன் வீட்டுக்குள்ள இருக்கணுமோ, கரெக்டா அப்பல்லாம்.

இது ஏதோ நேத்து முளைச்ச விளையாட்டுன்னு நினைக்காதீங்க. பிரான்ஸ்ல 1902லயே தேசிய சாம்பியன்ஷிப் நடத்திட்டாங்க. 1950ல பாரிஸ்ல நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சவர் ழான் ரோபிக். 1947ல டூர் டி பிரான்ஸ் ஜெயிச்ச அதே ஆள். இப்போ பெல்ஜியத்துல இதுக்கு டிக்கெட் வாங்கி, மழையில நின்னு, கையில பீரோட கத்துறதுக்கு ஆயிரக்கணக்குல கூட்டம் வரும். நான் பொட்டி தட்டுற லீட்ஸ், 2022ல ஆர்கன்சாஸ் ஃபயட்வில்ல உலக சாம்பியன் ஆன டாம் பிட்காக் பிறந்த ஊர். அதனால இங்க ஞாயித்துக்கிழமை லீக் ரேஸுக்குப் போனா, பத்து வயசுப் பசங்க கூட நம்மளைவிட அழகா பலகையைத் தாண்டுவாங்க. அவ்வ்வ்..

சரி, மேட்டருக்கு வருவோம். என் பிரச்சினை ரொம்ப சின்னது. லேப் வாங்காம ஒரு ரேஸை முடிக்கணும்.

லேப் வாங்குறதுன்னா, முதல்ல போற ஆள் ஒரு முழுச் சுத்து கூட ஓட்டி, நம்மளை மறுபடி பின்னாடி இருந்து தாண்டிப் போறது. அப்படி ஆனா, அவர் முடிக்கும்போது நமக்கும் ரேஸ் முடிஞ்சுடும். எல்லாரும் எட்டு சுத்து ஓட்டியிருப்பாங்க, நம்ம பேருக்கு நேரா ஏழுன்னு இருக்கும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்த "ஏழு" இருக்கே, அது ராத்திரி தூங்க விடாது.

கணக்கு போட்டுப் பாத்தேன் (இஞ்சினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும்). முதல் ஆள் ஒரு சுத்துக்கு 7 நிமிஷம். எட்டு சுத்துக்கு 56 நிமிஷம். அவர் முடிக்கிறதுக்குள்ள நான் ஏழு சுத்தை முடிச்சு எட்டாவதுல கால் வச்சிருக்கணும். அப்போ என் சுத்து 8 நிமிஷத்துக்குள்ள இருக்கணும். போன சீசன்ல என் சராசரி 8 நிமிஷம் 20 விநாடி. ஆக, ஒரு சுத்துக்கு 20 விநாடி. மைதானத்துக்கு மைதானம் நேரம் மாறும், அதனால விகிதமா சொல்லணும்னா, முதல் ஆளைவிட 14 சதவீதத்துக்கு மேல பின்தங்கக் கூடாது. நான் இருந்தது 19ல.

வர்ற மார்ச்சுல இங்க என் காண்ட்ராக்ட் முடியுது. அப்புறம் மறுபடி சோழிங்கநல்லூர், மறுபடி ஓஎம்ஆர் டிராபிக். அதனால இந்த சீசன்தான். இதுக்குன்னு ஒதுக்க முடிஞ்ச காசு 250 பவுண்டு. அதை எங்க போட்டா 20 விநாடி கிடைக்கும்? இதான் கேள்வி. கிளப்ல ஒருத்தர் "கார்பன் வீல் வாங்கு"ன்னார். விலை கேட்டேன், 800 பவுண்டுக்கு மேல. ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துட்டேன்.

ரேஸ்ல ஜிபிஎஸ் போட்டு ஓட்டினதை வச்சு, நேரம் எங்க போகுதுன்னு முதல்ல பாத்தேன். நேர் ரோட்டுல நான் அவ்வளவு மோசமில்ல. ஒரு சுத்துல முப்பது வளைவு இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி பயத்துல பிரேக் பிடிச்சு, அப்புறம் மறுபடி வேகம் எடுக்கறதுல விநாடியில ஒரு பங்கு போகுது. மூணுல ஒரு பங்குன்னு வச்சாலும் முப்பது வளைவுக்கு பத்து விநாடி. மீதி பத்து, மேட்டுலயும், இறங்கி ஏறுற எடத்துலயும். வளைவுன்னா டயர். மேடுன்னா கியர். இறங்கி ஏறுறது ஓசி, பார்க்ல பழகிக்க வேண்டியதுதான்.

முதல்ல கியர்.

என் வண்டி செகண்ட் ஹேண்ட். முன்னாடி ஒரே ஒரு பல்சக்கரம், 42 பல்லு. பின்னாடி பதினோரு சக்கரம், 11 பல்லுல இருந்து 32 பல்லு வரைக்கும். இந்த "முன்னாடி ஒண்ணு" விஷயத்தைக் கொஞ்சம் சொல்லணும். ரொம்ப காலத்துக்கு சைக்ளோகிராஸ் வண்டியில முன்னாடி 46, 36னு ரெண்டு சக்கரம் இருக்கும், செயினை மாத்திவிட ஒரு டீரெய்லர் இருக்கும். சேறு அப்பினா முதல்ல மக்கர் பண்றது அதுதான். 2014ல ஸ்ராம் கம்பெனி சைக்ளோகிராஸுக்குன்னே ஒத்தைச் சக்கர செட்டு கொண்டு வந்தாங்க. பல்லு ஒண்ணு விட்டு ஒண்ணு அகலமா இருக்கும், பின் டீரெய்லர் செயினை விறைப்பா பிடிச்சு வச்சுக்கும், அதனால குலுக்குனாலும் செயின் கழலாது. இப்போ ரேஸ் வண்டிங்கள்ல பெரும்பாலும் இதுதான்.

ஒத்தைச் சக்கரத்துல கேள்வியும் ஒண்ணுதான்: எத்தனை பல்லு?

33 மி.மீ டயர் போட்ட சக்கரம் ஒரு தடவை உருண்டா சுமார் 2.15 மீட்டர் போகும். முன்னாடி 42, பின்னாடி 11 போட்டு நிமிஷத்துக்கு 90 தடவை மிதிச்சா மணிக்கு 44 கி.மீ வேகம் வரும். நல்லா இருக்குல்ல? ஆனா ரேஸ்ல என் உச்சகட்ட வேகமே 36தான். அதுவும் ஸ்டார்ட்ல, தார் ரோட்டுல, பின்னாடி நாய் தொரத்துற மாதிரி மிதிச்சப்போ. ஆக அந்த 11 பல்லு சக்கரம் சாமி ரூம்ல வச்ச வெள்ளி டம்ளர் மாதிரி, அழகுக்கு இருக்கு. முன்னாடி 38 போட்டாலும் அதே மிதிக்கு 40 கி.மீ வரும். மேல் பக்கம் நான் இழக்கறது ஒண்ணுமே இல்ல.

இப்போ கீழ் பக்கம். இங்கதான் சைக்ளோகிராஸ் மத்த சைக்கிள் ஓட்டத்துல இருந்து வேறுபடுது. மலை ஏறுற சைக்கிள்ல எவ்வளவு சின்ன கியர் இருக்கோ அவ்வளவு நல்லது, ஏன்னா இறங்கினா தோல்வி. இங்க இறங்கி ஓடுறதும் ரேஸ்ல ஒரு பகுதி. வண்டியைத் தோள்ல போட்டுட்டு அந்த மேட்டுல நான் ஓடுற வேகத்தை அளந்து பாத்தேன், மணிக்கு 7 கி.மீ வாக்குல வந்துது. அதைவிட மெதுவா ஓட்டுற மாதிரி ஒரு கியர் எனக்கு எதுக்கு? அந்த வேகத்துக்கு வந்துட்டா இறங்கி ஓடிடலாமே! ஆக, சின்ன கியரோட எல்லையை முடிவு பண்றது கடைக்காரர் இல்ல, நம்ம காலு.

முன்னாடி 38, பின்னாடி 34 பல்லுன்னா ஒரு மிதிக்கு 2.4 மீட்டர். தம் கட்டி நிமிஷத்துக்கு 50 மிதிச்சா மணிக்கு 7.2 கி.மீ. ஓடுற வேகத்துக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது பாருங்க. பழைய 42-32ல ஒரு மிதிக்கு 2.8 மீட்டர். மணிக்கு 8 கி.மீ வேகத்துல ஏறுறப்போ நிமிஷத்துக்கு 47 மிதிதான் வரும். அதுல ஒவ்வொரு மிதியும் உலக்கையால குத்துற மாதிரி விழும். ஈர மண்ணுல அப்படிக் குத்துனா பின் சக்கரம் சர்ருனு அதே எடத்துல சுத்தும், வண்டி நிக்கும், நான் கால் ஊணுவேன், பின்னாடி வர்றவர் யார்க்‌ஷயர் தமிழ்ல ஏதோ சொல்லுவார். 38-34ல அதே வேகத்துக்கு 55 மிதி. கொஞ்சம் உருண்டையா மிதிக்கலாம், சக்கரம் மண்ணைக் கவ்விக்கிட்டு ஏறும். முழங்காலும் வாழ்த்தும்.

38 பல்லு சக்கரம் 35 பவுண்டு. 11-34 செட்டு 55 பவுண்டு. பின் டீரெய்லர் 34 வரைக்கும் தாங்குமான்னு கம்பெனிக்காரங்க போட்டிருக்கற அளவைப் பாத்துட்டுதான் வாங்கணும். சிலது 28, 30க்கு மேல தாங்காது. பழைய 46-36 வண்டி வச்சிருக்கறவங்க இன்னும் சிக்கனமா முடிக்கலாம். 46ஐக் கழட்டிட்டு 36ஐ மட்டும் வச்சு, செயின் கழலாம இருக்க ஒரு தடுப்பு போட்டு, பின்னாடி 11-32 மாட்டினா வேலை முடிஞ்சுது.

இப்படி நான் எக்செல் ஷீட்டோட சுத்திக்கிட்டு இருந்தப்போ, எங்க புதன்கிழமை பிராக்டீஸுக்கு வர்ற ஒருத்தரைப் பத்தி சொல்லியே ஆகணும். அம்பது வயசைத் தாண்டினவர், தச்சு வேலை பாக்கறவர். அவர் வண்டியில கியரே கிடையாது. முன்னாடி 38, பின்னாடி 18, அவ்வளவுதான். நம்மூர் பால்காரர் சைக்கிள் மாதிரி ஒத்தை கியர். அந்த வண்டியில மனுஷன் என்னை வாரா வாரம் தண்ணி காட்டுறார். ஒரு நாள் கேட்டேவிட்டேன், "எப்படிங்க, மேட்டுல கஷ்டமா இல்லையா?"ன்னு. அவர் சொன்னதைத் தமிழ்ல சொல்றேன்: "நீ ஒவ்வொரு மேட்டுக்கும் கீழ நின்னு ஓட்டலாமா ஓடலாமான்னு யோசிக்கிறே. நான் வீட்டுல கிளம்பறப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்த வண்டி ஏறாத எடத்துல ஓடுவேன். எனக்கு யோசிக்கற நேரம் மிச்சம்."

பயபுள்ள, என்னமா சொல்லிட்டார்! அதுக்கப்புறம் நான் செய்யறது இதுதான். ரேஸுக்கு முன்னாடி மைதானத்தை ரெண்டு சுத்து ஓட்டிப் பாக்கறப்பவே, எந்த மேட்டுல எந்த மரத்துக்கிட்ட இறங்கணும்னு முடிவு பண்ணிடறது. மேல பாதி வரைக்கும் ஓட்டி, வேகம் செத்து, கால் ஊணி, அப்புறம் இறங்கறதைவிட, வேகம் இருக்கும்போதே குதிச்சு ஓடுறது லாபம்.

அடுத்து டயர். காசு போட வேண்டிய எடம் இதுதான்னு நான் நினைக்கறேன்.

சைக்ளோகிராஸ் டயர்ல மூணு சாதி. ஒண்ணு, நடுவுல அரம் மாதிரி லேசா சொரசொரப்பு, ஓரத்துல மட்டும் பட்டன். காஞ்ச புல்லுக்கும் மணலுக்கும். ரெண்டு, சின்னச் சின்ன பட்டன் நெருக்கமா இருக்கற பொது டயர். மூணு, உயரமான பட்டன் தள்ளித் தள்ளி இருக்கற சேத்து டயர். இத்தாலிக்கார சேலஞ்ச் கம்பெனியில இதுங்களுக்கு சிக்கேன், கிரிஃபோ, லைமஸ்னு பேர். விட்டோரியா இன்னும் சிம்பிள், டெரேனோ டிரை, மிக்ஸ், வெட். டானலி டயருக்கு விமான நிலையக் குறியீடுதான் பேர். மழைக்குப் பேர் போன போர்ட்லேண்டோட பிடிஎக்ஸ், சேத்து டயர். மிலனோட எம்எக்ஸ்பி, பொது டயர். இந்தப் பேரு வச்ச புண்ணியவான் அடிக்கடி ஆன்சைட் போனவனா இருப்பான் போல :)

சேத்து டயர் பட்டனை ஏன் தள்ளித் தள்ளி வைக்கறாங்கன்னு எனக்குப் புரியவச்சது எந்த சைக்கிள் சைட்டும் இல்ல, எங்கப்பா. திருவாரூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கு, டிராக்டர் அப்பாவே ஓட்டுவார். ஒரு ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டேன்.

"அப்பா, சேத்து உழவுக்கு எந்த கியர்ல விடுவீங்க?"

"ஏன்டா தம்பி, அங்க வயல் கியல் வாங்கிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "சின்ன கியர்ல போட்டுட்டு ஒரே சீரா போவணும்டா. சேத்துல நிறுத்தி எடுத்தா சக்கரம் அங்கயே குழி தோண்டிக்கும். ரப்பர் டயர்ல மண்ணு அப்பிக்கிட்டா மொழுக்குன்னு ஆயிடும், வழுக்கும். அதுக்குத்தான் கேஜ் வீலு மாட்டறது. அதுல இடைவெளி இருக்கா, சேறு உள்ள போயி அந்தப் பக்கமா வந்துடும்" என்றார்.

அதேதான்! பட்டனுக்கு நடுவுல இடைவெளி இருந்தாத்தான் சுத்தறப்போ மண்ணு தெறிச்சு விழும். நெருக்கமா இருந்தா, மண்ணு அப்பி மொழுமொழுன்னு ஆகி, பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான். (அப்புறம் அப்பா "அந்த சைக்கிளு என்னா வெல?"ன்னார். "செகண்ட் ஹேண்டுதான்ப்பா"ன்னேன். "அது சரி, வெல என்னா?"ன்னார். நல்லவேளை, சிக்னல் சரியா கிடைக்கல, ஹி ஹி.)

சேத்துலயும் ரெண்டு வகை இருக்குங்க. கூழ் மாதிரி ஒண்ணு, அல்வா மாதிரி ஒண்ணு. கூழ் சேறு பாக்கத்தான் பயமா இருக்கும், உயரமான பட்டன் அதைக் கிழிச்சுக்கிட்டு கீழ இருக்கற கெட்டித் தரையைப் பிடிச்சுடும். அல்வா சேறுதான் வில்லன். அது டயர்ல ஒட்டி, புல்லையும் சேத்து இழுத்துட்டு வந்து, ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சுக்கும். நம்மூர்ல வைக்கோலும் களிமண்ணும் கொழச்சு சுவர் வைப்பாங்களே, அதே டெக்னாலஜி. அதனால "அகலமான டயர் போட்டா பிடிப்பு ஜாஸ்தி"ன்னு 38, 40 மி.மீ போடறவங்க, காஞ்ச தரையில சந்தோஷமா இருப்பாங்க, அல்வாவுல மாட்டிப்பாங்க. யூசிஐயோட சர்வதேச ரேஸ்ல 33 மி.மீக்கு மேல போடவே கூடாது, கருவி வச்சு அளப்பாங்க. ஊர் லீக்ல பெரும்பாலும் யாரும் அளக்கறதில்ல, நிறைய எடத்துல மவுண்டன் பைக்ல வந்தாக்கூட ஓட்ட விடுவாங்க. இருந்தாலும் நான் 33தான். விதிக்காக இல்ல, அந்த இடைவெளிக்காக.

இங்க ஒரு முக்கியமான விஷயம். பெரிய ஆளுங்க என்ன டயர் போடறாங்கன்னு பாத்து நாம வாங்கினா அவ்ளோதான். அவங்களுக்கு குறைஞ்சது ரெண்டு வண்டி. பிட்ல மெக்கானிக் பிரஷர் வாஷரோட நிப்பார். சேறு ஜாஸ்தின்னா பாதிச் சுத்துக்கு ஒருதரம் அழுக்கு வண்டியைக் குடுத்துட்டு கழுவின வண்டியில ஏறிப் போவாங்க. டயரும் ட்யூபுலர், அதாவது ட்யூபை உள்ள வச்சுத் தைச்சு ரிம்ல பசை போட்டு ஒட்டினது. காத்து ரொம்பக் கம்மியா வச்சாலும் தாங்கும், பஞ்சர் ஆனாலும் பிட் வரைக்கும் ஓட்டலாம். ஆனா ஒவ்வொரு டயருக்கும் ஒரு தனி வீல் வேணும். அப்படி இருந்தும் 2017ல லக்சம்பர்க் பீல்ஸ்ல நடந்த உலக சாம்பியன்ஷிப்ல, கல்லு நிறைஞ்ச பாதையில மாத்யூ வான் டெர் போலுக்குத் திரும்பத் திரும்ப பஞ்சர். வவுட் வான் ஆர்ட் ஜெயிச்சுட்டார். வண்டி மாத்த முடிஞ்சவருக்கே அந்தக் கதின்னா, ஒத்தை வண்டி வச்சிருக்கற என் கதி? எனக்கு ரேஸ் வண்டியும் அதான், திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போற வண்டியும் அதான். நடுவுல உடைஞ்சா ரேஸும் போச்சு, மறுநாள் பஸ்தான்.

அதனால என் டயர் ட்யூப்லெஸ். உள்ள ட்யூப் கிடையாது, பால் மாதிரி ஒரு திரவம் ஊத்தி வச்சா சின்ன ஓட்டையை அதுவே அடைச்சுக்கும். ட்யூப் போட்டு ஓட்டினா காத்தை ரொம்பக் குறைக்க முடியாது. வேர்ல மோதறப்போ ரிம் ட்யூபைக் கடிச்சு, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். என் கணக்குல முன்னாடி ஒரு சேத்து டயர், பின்னாடி ஒரு பொது டயர். ஏன்னா, பின் சக்கரம் வழுக்கினா சமாளிச்சுடலாம், முன் சக்கரம் வழுக்கினா நேரா மண்ணுல மூஞ்சிதான். வளைவுல எனக்குத் தைரியம் வர்றது முன் டயரை நம்பி. ரெண்டும் சேந்து 80 பவுண்டு.

கடைசியா, இருக்கறதுலயே சல்லிசான விஷயம்: காத்து.

நம்மூர்ல சைக்கிளுக்குக் காத்து அடிச்சா, கட்டை விரலால அமுக்கிப் பாத்து கல்லு மாதிரி இருந்தாத்தான் "ம், போதும்"னு சொல்லுவோம். இங்க தலைகீழ். காத்து கம்மியா இருந்தா டயர் தரையில படர்ந்து உக்காரும், வேரு கல்லு மேல ஏறறப்போ அமுங்கிக் குடுக்கும், வண்டி துள்ளாது, வளைவுல பிடிச்சுக்கும். ரொம்பக் கம்மியானா ரிம் தரையில இடிக்கும், ட்யூப்லெஸ்ல ஓரமா பொசுக்குனு ஏப்பம் விட்டு காத்து வெளிய போயிடும். அந்த நடு எடத்தைக் கண்டுபிடிக்கறதுதான் வித்தை.

நான் கண்டுபிடிச்ச முறை சொல்றேன். பார்க்ல ஒரு சாய்வான வளைவு, கொஞ்சம் வேரு இருக்கற எடமா பாத்துக்கிட்டேன். 30 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு, அதே வளைவை அதே வேகத்துல ஓட்டி, ரெண்டு ரெண்டு பிஎஸ்ஐயா குறைச்சுக்கிட்டே வந்தேன். 30ல வண்டி வெளிய தள்ளிக்கிட்டே போச்சு. 26ல பிடிச்சுது. 22ல வேர்ல டொக்குனு ரிம் இடிச்சுது. உடனே ஒரு படி மேல வந்து நின்னுட்டேன். என் எடை 72 கிலோ. முன்னாடி 23, பின்னாடி 25. எடை மாறினா, டயர் மாறினா, இந்த நம்பரும் மாறும், அதனால என் நம்பரை அப்படியே காப்பி அடிக்காதீங்க, முறையை மட்டும் எடுத்துக்கோங்க. ட்யூப் போட்டு ஓட்டறவங்க 35 பக்கத்துல ஆரம்பிக்கறது உத்தமம்.

ஒரே ஒரு செலவு, 15 பவுண்டுக்கு சின்ன அளவுக்குன்னே செஞ்ச ஒரு டிஜிட்டல் காத்து மீட்டர். சாதா பம்புல முள்ளு 160 வரைக்கும் காட்டும், அதுல 23க்கும் 27க்கும் வித்தியாசம் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையிலதான் வளைவு வாழ்க்கையே இருக்கு.

மொத்தக் கணக்கு: முன் சக்கரம் 35, பின் செட்டு 55, டயர் 80, மீட்டர் 15. ஆக 185. மிச்சத்துல இருபது பவுண்டுக்கு ஒரு ஹேங்கர் வாங்கி வச்சிருக்கேன். பின் டீரெய்லர் தொங்குற அந்தச் சின்ன அலுமினியத் துண்டுதான் அது. புல்லு சுத்தி இறுகினா ஃபிரேமைக் காப்பாத்த அது முதல்ல உடையும். ரேஸ் நடுவுல மாத்த முடியாது, ஆனா திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போகலாம். இன்னொண்ணு, சேத்துல மிதி திடீர்னு கனமாச்சுன்னா முரட்டுத்தனமா மிதிக்காம, இறங்கி, தோள்ல போட்டு ஓடுறப்பவே கையை விட்டுப் புல்லைப் பிடுங்கிடறது. நாலஞ்சு விநாடி போகும், வண்டி தப்பிக்கும்.

பலன்? செப்டம்பர்ல காஞ்ச மைதானம். 19 சதவீதம் 16 ஆச்சு. அக்டோபர்ல கூழ் சேறு, அதுல 15. போன வாரம் அல்வா சேறு. எட்டாவது சுத்துக்குள்ள நுழைய இருநூறு மீட்டர்தான் பாக்கி, பின்னாடி "ஆன் யுவர் லெஃப்ட்"னு ஒரு குரல். ஒதுங்கி வழி விட்டேன். பேருக்கு நேரா மறுபடி ஏழு. ஆனா முன்னாடியெல்லாம் அந்தக் குரல் ஆறாவது சுத்திலயே வந்துடும். இப்போ கணக்குல மிச்சம் இருக்கறது நாலு விநாடி, அதை எந்தக் கடையிலயும் விக்கறதில்ல. பலகைக்கு முன்னாடி இறங்கறதும், தாண்டி ஏறறதும் இன்னும் என்னை மாதிரியே இருக்கு, பஸ்ல ஏறுற பெரியவர் மாதிரி. புதன்கிழமை பார்க்ல அதைத்தான் நாப்பது தடவை செஞ்சுக்கிட்டு இருக்கேன். நாய் கூட்டிட்டு வர்றவங்க வேடிக்கை பாக்கறாங்க.

ஜனவரிக்குள்ள இன்னும் மூணு ரேஸ் இருக்கு. எட்டுன்னு வந்தா ரிசல்ட் ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்க போடறேன், எல்லாரும் வந்து கும்மி அடிங்க. வரலைன்னா அடுத்த பதிவு வழக்கம் போல சினிமா விமர்சனம்தான் :-)

டிஸ்கி: இதுல சொல்லியிருக்கற விலையெல்லாம் நான் வாங்கினப்போ இருந்த விலை. எங்கப்பாகிட்ட யாரும் போட்டுக் குடுக்காதீங்க மக்கா.